எதை விடலாம், எதை விட முடியாது?

சுகாதார ஆய்வாளர் வேலையைத் திருவிழாவில்தான் பழக வேண்டும் என்பார்கள் அந்தத் துறையின் பழைய ஆட்கள். 'திருவிழா டூட்டி' என்று அதற்குப் பெயர். தேரோடும் தெருவில் சாக்கடை தேங்காமல் பார்க்க வேண்டும். அன்னதானக் கூடத்தில் சமையல்காரர்களின் நகத்தைக் கவனிக்க வேண்டும். தற்காலிகக் கழிப்பறைகளுக்குச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் போட வைக்க வேண்டும். குடிநீர்த் தொட்டித் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் பிடித்து மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் காலராவுக்குப் பயந்து ஏற்பட்ட வேலைகள். 1939-இல் வந்த சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே தனி அத்தியாயம் உண்டு. கூட்டம் கூடும் இடத்தில் நோயும் கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். கூட்டத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது என்பதையும் அறிந்திருந்தார்கள்.

மேற்கு மாவட்டம் ஒன்றில் நெடுங்காலம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இந்த வழியாகத்தான் கோயில் செயல் அலுவலரையும் ஊர்ப் பூசாரியையும் பள்ளிவாசல் முத்தவல்லியையும் பங்குத்தந்தையையும் அறிந்தார். எல்லோரிடமும் அவருக்கு முதல் உறவு தண்ணீர்த் தொட்டிதான். கந்தூரிக்கு முன்னாலும், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முன்னாலும், பங்குனியில் மாரியம்மன் பூச்சாட்டுக்கு முன்னாலும் குளோரின் பார்க்கப் போவார், டீ குடிப்பார், தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வார். அந்த எண்கள் எவ்வளவு பெறுமானமுள்ளவை என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது.

அதற்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுவரை சுமார் 1 கோடியே 76 லட்சம் பிள்ளைகளுக்குப் போடத் திட்டம். முகாம் தொடங்குவதற்குள் வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது: ஊசி போட்டால் மலட்டுத்தன்மை வரும், வெளிநாட்டுச் சதி, இன்னும் என்னென்னவோ. பல பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளை அன்றைக்கு லீவு போட வைத்தார்கள். ஆய்வாளர் முத்தவல்லியிடம் போய், வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

“சொல்றமுங்க சார். சொன்னதுக்கப்பறம் வீட்டுப் பொம்பளைங்க எங்களத்தான கேள்வி கேப்பாங்க? அதுக்குப் பதில் முதல்ல எங்களுக்குச் சொல்லிக் குடுங்க” என்றார் முத்தவல்லி.

அன்று இரவு இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் ஒரு வகுப்பே நடந்தது. தடுப்பூசிப் புட்டி, அதனோடு வரும் துண்டுக் காகிதம், ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் விரித்து வைத்து வட்டார மருத்துவ அலுவலர் பேசினார். கூட்டத்தில் யூனானி வைத்தியர் ஒருவர் கேட்ட கேள்விகள் மருத்துவக் கல்லூரித் தேர்வில் கேட்கக்கூடியவை. வெள்ளிக்கிழமை பயானில் பள்ளிவாசல் ஹஜ்ரத் பேசியபோது துறையின் அறிக்கையை வாசிக்கவில்லை. தன் பேரனுக்குப் போட்டதைச் சொன்னார். மத நிறுவனத்தைத் துறையின் ஒலிபெருக்கியாக நினைப்பதும், அதைக் கூட்டாளியாக நடத்துவதும் வேறு வேறு வேலைகள் என்று ஆய்வாளர் பயிற்சி வகுப்புகளில் இன்றும் சொல்வதற்கு இந்தத் திண்ணைதான் ஆதாரம்.

2020 மார்ச் 7 அன்று தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி உறுதியானார். மார்ச் 20 முதல் பெரிய கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி நின்றது. 24-ஆம் தேதி மாலை மாநிலமே அடைபட்டது. நாட்காட்டியைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர், 14 சித்திரை முதல் நாள், 25 ரமலான் முதல் நோன்பு, மே 4 மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம். ஆண்டின் கூட்டமெல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வந்து நின்றது.

அதற்குள் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் மாநாட்டில் தொற்று பரவிய செய்தி வந்துவிட்டது. அந்த மாநாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் சுமார் 1,500 பேர் என்று அரசு மார்ச் 31 அன்று அறிவித்தது. எல்லோரும் தாமாக முன்வர வேண்டும் என்று அன்றைய சுகாதாரத் துறைச் செயலர் பீலா ராஜேஷ் கேட்டுக்கொண்டார். மறுநாளே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். தொலைக்காட்சிகளில் மாலைதோறும் நோய்க்கு மதம் பூசிக்கொண்டிருந்த நேரம் அது. சில நாட்களில் மாநில அரசின் அறிவிப்புகளில் மாநாட்டின் பெயர் மறைந்து 'ஒரே மூலத் தொற்று' என்ற சொல் வந்தது. நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் வேண்டுகோள் விடுத்தார். ஒரு சொல்லை மாற்றியதால் என்ன ஆகிவிடும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். தெருவில் நின்றவருக்கு அது பெரிய உதவி. பெயரைச் சொல்லி விரல் நீட்டப்படும் வீட்டில், “உங்ககூட ரயில்ல வேற யாரு வந்தாங்க?” என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது.

ஆய்வாளரின் ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த விதம் இது. மாநிலத்திலிருந்து வந்த பட்டியலில் கைப்பேசி எண்கள்தாம் இருந்தன. பாதி எண்கள் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. போலீஸ் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை. முத்தவல்லியும் ஜமாஅத் செயலாளரும் ஒரு பேரம் பேசினார்கள். பட்டியலை நாங்களே தருகிறோம். பட்டியலில் இல்லாமல் அதே ரயில் பெட்டியில் வந்தவர்களையும் சேர்த்தே தருகிறோம். பெயர் பத்திரிகைக்குப் போகக் கூடாது. ஆம்புலன்ஸ் சைரன் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரக் கூடாது. ஆண்கள் வார்டுக்குப் போனபின் அடைபட்ட வீடுகளுக்கு அரிசி, பால், குழந்தை மருந்து யார் தருவது என்பதை இப்போதே சொல்ல வேண்டும். நியாயமில்லாத நிபந்தனை ஒன்றுகூட அதில் இல்லை. ரமலான் தொடங்கியபோது இன்னொன்று சேர்ந்தது: வார்டில் இருப்பவர்களில் அறிகுறி இல்லாதவர்கள் நோன்பு வைக்கலாமா? மருத்துவர் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார். சர்க்கரை நோயாளிகளுக்கு வேண்டாம் என்றதும், நோயாளிக்கு விலக்கு உண்டு, பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று ஹஜ்ரத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னார். மற்றவர்களுக்கு சஹர் நேரத்துக்குச் சாப்பாடு போனது.

மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று கிளம்பி அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று பரவிய செய்தி வந்த அன்று முத்தவல்லி கூப்பிட்டார். “சார், இப்ப வெண்டைக்காய்க்கு என்ன மதமுங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இருவரும் அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்கள்.

இந்தத் தொழிலில் ஆய்வாளர் கண்ட நுணுக்கம் ஒரே கேள்விக்குள் அடங்கும். 'இதையெல்லாம் நிறுத்துங்கள்' என்று சொல்லிக்கொண்டு போவதற்கு முன்னால், 'இதில் எதை விடலாம், எதை விட முடியாது?' என்று கேட்க வேண்டும். சடங்கில் எது உயிர், எது வழக்கம் என்று மருத்துவருக்குத் தெரியாது. ஹஜ்ரத்துக்கும் குருக்களுக்கும் பாதிரியாருக்கும் தெரியும். கேட்டால் துறை எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே விட்டுக்கொடுப்பார்கள். கேட்காமல் உத்தரவு போட்டால் விட முடிந்ததையும் விட மாட்டார்கள்.

பங்குத்தந்தையிடம் கேட்டபோது அவர் முதலில் விட்டது தீர்த்தத் தொட்டியை. கோயில் வாசலில் எல்லோரும் விரல் நனைக்கும் அந்தத் தண்ணீரை ஊரடங்குக்கு முன்பே வடித்துவிட்டிருந்தார். நற்கருணையை நாவில் தருவதை நிறுத்திக் கையில் தருவது அடுத்தது. பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்கை அந்த ஆண்டு விட்டுவிடலாம் என்று வத்திக்கானே மார்ச் இறுதியில் சொல்லிவிட்டது. விட முடியாதது திருப்பலி. அதை ஆளில்லாத கோயிலில் அவர் ஒருவராக நிறைவேற்றினார். மக்கள் வீட்டில் மாதா தொலைக்காட்சி பார்த்தார்கள்.

பள்ளிவாசலில் ஜமாஅத் தொழுகையைவிட பாங்கு முக்கியமாகிவிட்டது. ஜும்ஆவுக்குப் பதில் வீட்டில் ளுஹர் தொழலாம் என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள், தராவீஹும் வீட்டில். ஆனால் பாங்கு நிற்கக் கூடாது. மோதினாரும் இமாமும் உள்ளேயே தங்கி ஐந்து வேளையும் சொல்வதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். அதைக் கொடுத்ததும் பூட்டு விஷயத்தில் பேச்சே எழவில்லை. கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போக வேண்டாம், அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்று நபிகள் தடுத்த செய்தியை ஹஜ்ரத் எடுத்துச் சொன்னது, கன்டைன்மென்ட் பகுதிக்கு அடித்த தகரத்தைவிட நன்றாக வேலை செய்தது.

கோயிலில் செயல் அலுவலர் சொன்னது எளிது: ஆறு கால பூஜை நிற்காது, தரிசனம் நிற்கும். திருநீற்றையும் குங்குமத்தையும் அர்ச்சகர் கையால் தருவது விடக்கூடியது என்பதில் குருக்களுக்குத் தயக்கமே இல்லை. மதுரையில் மீனாட்சி கல்யாணம் மே 4 அன்று சில பட்டர்களோடு நடந்து நேரலையில் ஓடியபோது, பெண்கள் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். அழகர் அந்த ஆண்டு வைகையில் இறங்கவில்லை. பெரிய கோயில்களில் உத்தரவுக்கு எழுத்து இருந்தது, ஆள் இருந்தார்கள். கடினம் அங்கே இல்லை. கிராமத்து மாரியம்மன் கோயிலில் இருந்தது.

கொங்குப் பகுதியில் பூச்சாட்டினால் அன்றே ஊர் கட்டுப்பட்டுவிடும். அதன்பிறகு ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கோயில் முன் முக்கிளைக் கம்பம் நட்டு, பெண்கள் விடியற்காலையில் குடம் குடமாய் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். இரவில் இளவட்டங்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகள் மூடி, பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பியிருந்த நேரத்தில் ஒரு கிராமத்தில் பூச்சாட்டத் தேதி குறித்துவிட்டார்கள். நோய்க் காலத்தில் மாரியம்மனைப் பட்டினி போட்டால் ஊருக்கு ஆகாது என்பது அவர்கள் வாதம்; அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் தவறும் இல்லை.

பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஆய்வாளர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

“பூச்சாட்டீட்டா ஊரே வந்தாகணுங்க. பூச்சாட்டாம வெறும் காப்பு மட்டும் அம்மனுக்குக் கட்டிப்போடலாம்” என்றார் பூசாரி. “அது ஆருக்கும் கட்டுப்பாடு இல்லீங்க. தண்ணி நான் ஊத்திக்கறேன்.”

ஊர் சார்பில் பூசாரி ஒருவரே ஊற்றுவது, ஒவ்வொரு வீட்டிலும் வாசற்படியில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் வேப்பிலையோடு வைப்பது என்று முடிவானது. மாவிளக்கு வீட்டிலேயே. கிடாய் வெட்டு அடுத்த ஆண்டுக்கு. சுகாதாரத் துறையில் யாரும் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படியொரு ஏற்பாடு தோன்றியிருக்காது. காப்புக்கும் பூச்சாட்டுக்கும் உள்ள வித்தியாசமே அவர்களுக்குத் தெரியாது.

ரமலான் கஞ்சி மாநில அளவில் இதே வழியில் தீர்ந்தது. ஆண்டுதோறும் அரசு பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி தரும். 2020-இல் 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன். கஞ்சி காய்ச்சினால் மாலையில் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். கஞ்சி வேண்டாம், அரிசியைத் தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று தலைமைச் செயலரோடு நடந்த கூட்டத்துக்குப் பின் முஸ்லிம் தலைவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆய்வாளரின் ஊர்ப் பள்ளிவாசலில் சும்மா இருந்த கஞ்சி அண்டாக்கள் கபசுரக் குடிநீர் காய்ச்சப் போயின. அந்தக் கஷாயம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று அவர் கணக்குச் சொல்ல மாட்டார். அதைக் குடிக்க வந்தவர்களின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்ட முடிந்தது, 94-க்குக் கீழே காட்டியவர்களை வண்டியேற்ற முடிந்தது. அதுவரைக்கும் அவருக்கு நிச்சயம்.

சாவுதான் எல்லாவற்றையும்விடக் கடினமான பாடம்.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 மார்ச் 15 அன்றே இறந்தவர் உடலைக் கையாளும் வழிமுறையை வெளியிட்டுவிட்டது. படித்துப் பார்த்தவர்களுக்கு அது கருணையான ஆவணம். முகப்பக்கம் பையைத் திறந்து உறவினர் பார்க்கலாம். தொடாமல் செய்யும் சடங்குகள் எல்லாம் செய்யலாம்: வேதம் ஓதலாம், புனித நீர் தெளிக்கலாம். குளிப்பாட்டுவது, முத்தமிடுவது, கட்டிப்பிடிப்பது மட்டும் கூடாது. எரித்த சாம்பலில் ஆபத்து இல்லை, அஸ்தி எடுக்கலாம். புதைக்கலாம், எரிக்கலாம். இதைப் படிக்காமலே பல இடங்களில் பிளாஸ்டிக் பையைக் குழிக்குள் தள்ளிவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்ததை நாடே பார்த்தது. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் கூட்டம் தடுத்தது. வேலங்காட்டில் ஆம்புலன்ஸ் மேல் கல் விழுந்தது. அவருடைய சக மருத்துவர் பிரதீப் குமார் மண்வெட்டி பிடித்து மண் தள்ளி அடக்கம் செய்தார். ஒரு வாரத்தில் அவசரச் சட்டம் வந்தது: அறிவிக்கப்பட்ட நோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுத்தால் 3 ஆண்டுவரை சிறை. திருத்தப்பட்டது அதே 1939-ஆம் ஆண்டுச் சட்டம்.

சட்டம் கூட்டத்தைத் தடுக்கும், குழி வெட்டாது. குழி வெட்ட ஆள் வந்தது மத அமைப்புகளிலிருந்து. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தினர் உட்படப் பல அமைப்புகளின் தன்னார்வலர்கள் எந்த மதத்தவர் ஆனாலும் உடலை வாங்கி அந்தந்த முறைப்படி அடக்கம் செய்தார்கள். ஆய்வாளரின் ஊரில் இளைஞர்கள் ஒரு குழுவாக வந்தபோது, அவர் முதலில் கற்றுக்கொடுத்தது பிபிஇ உடையைக் கழற்றுவதை. போடும்போது யாருக்கும் நோய் வராது, கழற்றும்போதுதான் வரும். வெளிக் கையுறை, அங்கி, கண்ணாடி, முகக்கவசம், உள் கையுறை என்ற வரிசை. ஒவ்வொன்றுக்கும் நடுவே கை கழுவுதல். ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலைக் கலப்பது எப்படி, பையின் வெளிப்புறத்தைத் துடைப்பது எப்படி என்றெல்லாம் கற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு அவர்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்டது நிறைய.

முஸ்லிம் உடலுக்குக் குளிப்பாட்டு கடமை. தண்ணீர் பயன்படுத்த முடியாத இடத்தில் தயம்மும் போதும்; அதையும் பையின் மேலேயே செய்துகொள்ளலாம் என்று ஆலிம்கள் வழி சொன்னார்கள். கபன் துணியைப் பைக்கு மேலே சுற்றலாம். ஜனாஸா தொழுகைக்கு நான்கைந்து பேர் தள்ளி நின்றால் போதும். விட முடியாதது மண்ணில் வைப்பதும் கிப்லாவை நோக்கித் திருப்புவதும். கிறிஸ்தவக் குடும்பத்துக்குப் பெட்டி இல்லாமல் போனதைவிட, பாதிரியார் வராமல் போவது பெரிய அடி. ஆகவே பங்குத்தந்தை கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று மந்திரித்தார். இந்துக் குடும்பத்தில் வாய்க்கரிசியைப் பையின் மேல் போட்டார்கள். மகன் கவச உடையோடு நின்று கொள்ளி வைத்தார். மூன்றாம் நாள் பால் ஊற்றலுக்கு ஒரு பிடி சாம்பல் கையில் கிடைத்தது. அந்தப் பிடிச் சாம்பல் ஆபத்தில்லை என்ற ஒற்றை வரியை ஆய்வாளர் அச்சடித்து மயான வாசலில் ஒட்டிவைத்தார். அதைக் காட்டித்தான் பல சண்டைகளைத் தீர்த்தார்.

கேட்காமல் போட்ட உத்தரவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஓர் உதாரணம் இருந்தது. புதைப்பதால் பரவும் என்பதற்குச் சான்றில்லை, எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. இலங்கை அரசு ஏப்ரலில் தகனத்தைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். பிறந்து இருபதே நாளான முஸ்லிம் குழந்தையின் உடலும் டிசம்பரில் தகனம் செய்யப்பட்டது. மக்கள் மயான வேலிகளில் வெள்ளைத் துணி கட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மார்ச்சில் மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 2024-இல் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. உடலை எரித்துவிடுவார்கள் என்று பயந்தவர் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போவாரா என்று ஆய்வாளர் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் கேட்பார். நோய்ப் பரவலைத் தடுக்கப் போட்ட உத்தரவு நோயாளியை ஒளிந்துகொள்ள வைத்தால் அது எந்த வகையில் சுகாதார உத்தரவு?

இரண்டாம் அலை வேறு மாதிரி. 2021 மே 21 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. அப்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை; படுக்கையும் ஆக்சிஜனும் சாப்பாடும்தான் தேவை. இந்து சமய அறநிலையத் துறை, கோயில் அன்னதானக் கூடங்களிலிருந்து நாள்தோறும் ஒரு லட்சம் உணவுப் பொட்டலங்களை மருத்துவமனைகளில் காத்திருப்போருக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. நோயாளிக்கு ஆஸ்பத்திரி சாப்பாடு போடும். வாசலில் மூன்று நாளாய் நிற்கும் மனைவிக்கு யார் போடுவார்கள் என்ற கேள்விக்குக் கோயில் சமையலறை பதில் சொன்னது. ஆய்வாளரின் ஊரில் புளியோதரைப் பொட்டலங்களை விநியோகித்தது பள்ளிவாசல் இளைஞர்களின் வண்டி. வண்டி அவர்களிடம் இருந்தது, சோறு கோயிலிடம் இருந்தது. அதில் பெருமை பேச ஒன்றுமில்லை என்று இரு தரப்பும் சொன்னார்கள்.

தடுப்பூசி வந்ததும் கேள்விகள் திரும்பி வந்தன. 2021 ஏப்ரல் 14 அன்று ரமலான் தொடங்கியது. ஊசி போட்டால் நோன்பு முறியுமா? உணவாக உள்ளே போகாததால் முறியாது என்று சவூதி தலைமை முஃப்தி மார்ச்சிலேயே சொல்லியிருந்தார். ஊர் உலமாக்களும் அதையே சொன்னார்கள். பன்றிக் கொழுப்புச் சேர்க்கை என்ற வதந்திக்குக் கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டின் சேர்பொருள் பட்டியலையும் ஹஜ்ரத்திடம் கொடுத்தால் போதுமாக இருந்தது. படித்த கத்தோலிக்கர் ஒருவர் கேட்டது கடினமான கேள்வி: கோவிஷீல்டு தயாரிக்கப் பயன்படும் செல் வரிசை 1970-களில் ஒரு கருவிலிருந்து எடுக்கப்பட்டதுதானே? ஆம். அந்த அற விவாதத்தை நடத்துவது சுகாதார ஆய்வாளரின் வேலையாக இல்லை. வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பரிலேயே, வேறு தடுப்பூசி கிடைக்காத நிலையில் இதைப் போட்டுக்கொள்வது ஏற்கத்தக்கதே என்று எழுதிவிட்டது. பங்குத்தந்தை அதை எடுத்துக் காட்டினார்.

மதத்தோடு தொடர்பே இல்லாத பயம்தான் பெரிதாக இருந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று தடுப்பூசி போட்டுக்கொண்டு 17-ஆம் தேதி இறந்தார். இறப்புக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று மத்தியக் குழு அக்டோபரில் சொல்லும்வரை கிராமங்களில் அந்த ஒரு பெயர் போதுமாக இருந்தது முகாமைக் காலியாக்க. செப்டம்பர் 12 அன்று மாநிலமெங்கும் 40,000 இடங்களில் மெகா முகாம் நடந்தது. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள். பள்ளிவாசல் மண்டபங்களும் கோயில் மண்டபங்களும் சர்ச் பள்ளிக்கூடங்களும் முகாம்களாயின. அக்டோபரில் மெகா முகாம் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாறியது. காரணத்தை அன்றைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியனே வெளிப்படையாகச் சொன்னார்: ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. சனிக்கிழமைக்கு மாறியதில் காலைப் பூசைக்குப் போகும் கிறிஸ்தவர்களுக்கும் வசதி. ஞாயிற்றுக்கிழமையின் பக்தர்களில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் சிறுபான்மையே என்று ஆய்வாளர் சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கூட்டுறவுக்கு எல்லைகள் உண்டு. அவற்றை அவர் மறைப்பதில்லை. மேலே ஆயரோ ஜமாஅத்தோ இல்லாத சிறு ஜெப வீடுகளில், விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்று பேசிய பாஸ்டர்களை அசைக்க அவரால் முடியவில்லை. அங்கே பேச்சுவார்த்தைக்கு எதிர்ப்பக்கம் ஒரே ஆள், அவர் முடிவு செய்தால் முடிந்தது. அந்த ஜெப வீடுகளுக்குள் கொஞ்சமேனும் நுழைந்தவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிப் பெண்களைப் பதிவு செய்யப் போகிறவரை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. முத்தவல்லி, தர்மகர்த்தா, பங்குப் பேரவைத் தலைவர் எல்லோரும் ஆண்கள், பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். அவர்கள் தலையசைத்தால் ஊரே தலையசைத்ததாகத் துறை எழுதிக்கொள்ளும். ஊர்க் கோயிலுக்குள் விடப்படாத காலனிக்குப் போய் பூசாரி சொன்னார் என்றால் என்ன மதிப்பு இருக்கும்? அங்கே தனி அம்மன் கோயில், தனிப் பூசாரி, தனிப் பேச்சு. அதற்குத் தனியாகத்தான் நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, இதெல்லாம் ஆட்களைச் சார்ந்தது. எண்கள் அவருடைய சொந்தக் கைப்பேசியில் இருந்தன. மாறுதலானால் எண்களும் போய்விடும். ஓய்வு பெறுவதற்கு முன் பொறுப்பு ஒப்படைக்கும் பதிவேட்டில் பிளீச்சிங் பவுடர் இருப்பு, தெளிப்பான் எண்ணிக்கைக்குக் கீழே வழிபாட்டுத் தலங்களின் பட்டியலை எண்ணோடு சேர்த்து எழுதி வைத்தார். இதற்கு எந்தப் படிவம் என்று தணிக்கையில் கேட்டார்கள்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. கொரோனா காலத்தில் இவர்களோடு தொடங்கிய வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகையும் பெருநாள் வாழ்த்தும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மட்டும் பழைய வேலை உயிர்பெறும்: டெங்கு. புதிய ஆய்வாளர் வெள்ளிக்கிழமை உலர்நாள் கடைப்பிடிக்கச் சொல்லிக் குழுவில் போட்டார். ஒளு செய்யும் தொட்டியை வெள்ளிக்கிழமை காலி செய்தால் ஜும்ஆவுக்கு என்ன செய்வது என்று முத்தவல்லி கேட்டார். வியாழன் இரவு கழுவி நிரப்புவது என்றும், பெரிய தொட்டியில் கம்பூசியா மீன் விடுவது என்றும் தீர்ந்தது. தெப்பக்குளத்துக்கு மீன் ஏற்கெனவே போய்விட்டது. பாக்கி இருந்தது நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கல்லறைகளில் வைக்கும் பூச்சாடிகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும், புழு பிடிக்கும். சாடியே வேண்டாம் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்த புதியவரை ஓய்வுபெற்றவர் தனியாகக் கூப்பிட்டு, முதலில் பாதிரியாரிடம் கேளுங்கள் என்றார். கேட்டார். “பூவும் மெழுகுவத்தியும் இல்லாம முடியாது தம்பி. தண்ணி இல்லாம முடியும். சாடியில ஈர மணல் போட்டுப் பூவைக் குத்தச் சொல்லி ஞாயித்துக்கிழமை அறிவிச்சிடறேன், ரெண்டு லோடு மணலுக்கு மட்டும் நகராட்சியில சொல்லி வைங்க” என்று பதில் வந்தது. மணலுக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள்.